பழைய லேப்டாப்புக்கு 2 டிபி ஹார்ட் டிஸ்க்கா, 500 ஜிபி எஸ்எஸ்டியா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. ஏழு வருடப் பழைய லேப்டாப். உள்ளே இருக்கும் 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் நிரம்பிவிட்டது. ஆன் செய்தால் வேலை பார்க்கும் நிலைக்கு வர ஐந்து நிமிடம் ஆகிறது. குழந்தை பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள், வீடியோக்கள், உங்கள் கணக்கு வேலைக்கான கோப்புகள் எல்லாம் அதில்தான். கையில் இருக்கும் பணத்துக்கு ஒன்று 2 டிபி, அதாவது 2,000 ஜிபி ஹார்ட் டிஸ்க் வரும், இல்லையென்றால் 500 ஜிபி எஸ்எஸ்டி (சுற்றும் தட்டுக்குப் பதில் சில்லுகளில் தகவலை வைக்கும் டிஸ்க்) வரும். எதை வாங்கினால் பணம் வீணாகாது என்று கேட்கிறீர்கள். பார்ப்பதற்கு இது ஒரு கேள்வி, உள்ளே மூன்று இருக்கின்றன. வேகம் போதவில்லை, இடம் போதவில்லை என்று இரண்டை நீங்களே சொல்லிவிட்டீர்கள். மூன்றாவதை நீங்கள் கேட்கவில்லை. எனக்கு முதலில் கண்ணில் பட்டது அதுதான்: அந்தப் படங்களுக்கு வேறெங்கும் நகல் இருப்பதாக உங்கள் கேள்வியில் ஒரு வரிகூட இல்லை.

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் வேலையில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். நேரடியாகச் சொல்வதென்றால், எஸ்எஸ்டி வாங்குங்கள். ஆனால் இப்போது உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் மட்டும். அது கெட ஆரம்பித்திருந்தால் வேகத்தைக் கொஞ்ச நாள் மறந்துவிட்டு, இந்தப் பணத்தை யூஎஸ்பியில் மாட்டும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் போடுங்கள். இரண்டில் உங்கள் நிலைமை எது என்பதைச் செலவில்லாமல் பத்து நிமிடத்தில் நீங்களே பார்த்துவிடலாம்.

ஒவ்வொரு ஹார்ட் டிஸ்க்கும் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைத்துக்கொள்கிறது. அந்தக் குறிப்புக்கு ஸ்மார்ட் என்று பெயர். விண்டோஸில் அதைப் படிக்க கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். திறந்தால் நீளமாக ஒரு பட்டியல் வரும். அதில் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளைப் பாருங்கள். கெட்டுப்போன எத்தனை இடங்களுக்குப் பதிலாக டிஸ்க் தன் கையிருப்பிலிருந்து நல்ல இடம் கொடுத்திருக்கிறது என்ற கணக்கு 05. படிக்க முடியாமல் திணறி, இன்னும் முடிவு தெரியாமல் நிற்கும் இடங்கள் சி5. சோதித்துப் பார்த்தும் படிக்க முடியாமல் போனவை சி6. மூன்றும் பூஜ்யம் என்றால் நல்லது. சி5 பூஜ்யத்தைத் தாண்டியிருந்தாலே நான் நகல் எடுக்க உட்கார்ந்துவிடுவேன். இந்த வாரம் 8, அடுத்த வாரம் 40 என்று ஏறினால் அந்த டிஸ்க்கிடம் இனி எதையும் எதிர்பார்க்க முடியாது.

இதைப் பார்க்கும்போது பலர் தடுக்கி விழும் இடங்கள் சில உண்டு. அந்த மென்பொருள் வழக்கமாகப் பதினாறடிமான எண்களில் காட்டும். 10 என்று தெரிந்தால் உண்மையில் 16. அமைப்புகளில் பத்தடிமானத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். சீகேட் டிஸ்க் என்றால் 01, 07 ஆகிய வரிகளில் கோடிக்கணக்கில் எண் தெரியும். அந்த நிறுவனம் அங்கே கணக்கை எழுதி வைக்கும் முறை அப்படி, பயப்பட வேண்டாம். சி7 என்ற வரி மட்டும் ஏறியிருந்தால் பெரும்பாலும் தப்பு டிஸ்க்கில் இல்லை, டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவே உள்ள கேபிளில். புது டிஸ்க் வாங்கப் பணத்தோடு வந்தவர் ஒருவருக்கு நான் கேபிளை மட்டும் மாற்றிக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். அந்த டிஸ்க் அதன்பிறகு மூன்று வருடம் ஓடியது.

இந்த எண்களை எவ்வளவு நம்பலாம்? தங்களிடம் ஓடிக்கொண்டிருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை வைத்து கூகுள் ஆய்வாளர்கள் 2007-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். இடம் மாற்றிய கணக்கும் படிப்புப் பிழைகளும் தோன்றிய டிஸ்க்குகள் சீக்கிரம் செத்துப்போகும் வாய்ப்பு பல மடங்கு அதிகம் என்பது அதில் உறுதியானது. ஆனால் செத்துப்போன டிஸ்க்குகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், முன்கூட்டி எந்த எச்சரிக்கையும் தரவில்லை. ஆகவே எண்கள் மோசமாக இருந்தால் நம்புங்கள். நன்றாக இருந்தால் பாதிதான் நம்புங்கள். எல்லாம் பூஜ்யமாக இருந்த டிஸ்க் மறுநாள் காலை டிக் டிக் என்று அடித்துக்கொண்டு வந்ததையும் நான் பார்த்திருக்கிறேன். அந்தச் சத்தம் என்னவென்றால், தட்டின் மேல் தன் இடத்தைத் தேடும் கை, கிடைக்காமல் திரும்பத் திரும்ப ஓரத்துக்குப் போய் மோதுவது. இனி எந்த வழியும் இல்லை என்றான பிறகு அப்படிப்பட்ட ஒன்றைத் திறந்து பார்த்தேன். கண்ணாடி மாதிரி மின்ன வேண்டிய தட்டில் தலைமுடி அகலத்துக்கு ஒரு வட்டக் கோடு, ஓரத்தில் கறுப்புப் பொடி. அந்தப் பொடி யாரோ ஒருவருடைய எட்டு வருடப் படங்கள். திறக்கச் சொன்னவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அவரிடம் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து யார் டிஸ்க் வாங்கக் கேட்டாலும் நகலைப் பற்றிக் கேட்டுவிட்டுத்தான் மற்றதைப் பேசுகிறேன்.

சரி, வேகத்துக்கு வருவோம். லேப்டாப் ஆன் ஆனதும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து டிஸ்க் என்ற இடத்தைப் பாருங்கள். 100 சதவீதம் என்று சிவந்து நிற்கும். ஆனால் நொடிக்கு எத்தனை எம்பி போகிறது என்று பார்த்தால் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். இது முரண்பாடு இல்லை. லேப்டாப் டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று, அதாவது நொடிக்கு 90. வேண்டிய இடம் படிக்கும் தலைக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று, சுமார் ஐந்தரை மில்லிநொடி காத்திருக்க வேண்டும். அந்த இடம் இருக்கும் வட்ட வரிக்குக் கை நகர்ந்துபோக இன்னும் பத்து மில்லிநொடி. அப்படியானால் சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னக் கோப்புகளை நொடிக்கு அறுபது எழுபதுதான் தேடி எடுக்க முடியும். விண்டோஸ் தொடங்கும்போது கேட்பது ஆயிரக்கணக்கில். எஸ்எஸ்டியில் சுற்றுவதும் இல்லை, நகர்வதும் இல்லை. விலை குறைந்ததே ஆனாலும் நொடிக்கு ஆயிரக்கணக்கில் எடுத்துக் கொடுத்துவிடும். உங்கள் ஐந்து நிமிடம் அரை நிமிடத்துக்குள் வந்துவிடும் என்று ஓரளவு உறுதியாகவே சொல்கிறேன். ஒரே ஒரு தயக்கம் உண்டு: மெமரி 4 ஜிபி மட்டும் இருந்தால், பிரௌசரில் பத்துப் பக்கம் திறந்ததும் எஸ்எஸ்டியோடும் கொஞ்சம் திணறும். அது அடுத்த செலவு, இப்போது வேண்டாம்.

அந்த 2 டிபி ஹார்ட் டிஸ்க்கை லேப்டாப்புக்கு உள்ளே மாட்டுவதாக இருந்தால், வேண்டாம் என்று அழுத்திச் சொல்வேன். லேப்டாப்பில் மாட்டும் இரண்டரை அங்குல டிஸ்க்குகளில் 1 டிபி, 2 டிபி கொண்டவை இப்போது ஏறக்குறைய எல்லாமே எஸ்எம்ஆர் முறையில் எழுதுபவை. கூரையில் ஓடு வேய்வதுபோல ஒரு வரியின் ஓரத்தின் மேல் அடுத்த வரி ஏறி உட்கார்ந்திருக்கும். இடம் மிச்சமாகிறது, விலை குறைகிறது. ஆனால் நடுவில் ஒரு ஓட்டை மாற்ற அதற்கு மேலுள்ள வரிசையைப் பிரிக்க வேண்டியிருப்பதுபோல, ஒரு வரியைத் திருத்தினால் பக்கத்து வரிகளையும் சேர்த்துத் திரும்ப எழுத வேண்டும். படங்களை ஒருமுறை போட்டுவிட்டு அப்புறம் பார்ப்பது மட்டும் என்றால் இதில் குறையே தெரியாது. எந்நேரமும் எதையாவது எழுதிக்கொண்டிருக்கும் விண்டோஸை அதில் போட்டால் இப்போது இருப்பதைவிடவும் மெதுவாகப் போகலாம். பழைய முறைக்கு சிஎம்ஆர் என்று பெயர். எது எந்த முறை என்று பெட்டியின் மேல் பெரும்பாலும் போட மாட்டார்கள். நாஸ் எனப்படும், நெட்வொர்க்கில் மாட்டும் சேமிப்புப் பெட்டிகளுக்கென்று விற்ற சில ரெட் வகை டிஸ்க்குகளில் எஸ்எம்ஆர் இருந்தது 2020-இல் வெளியே தெரிந்து பெரிய சச்சரவு ஆனபிறகுதான் வெஸ்டர்ன் டிஜிட்டல் எந்த மாடல் எந்த முறை என்று பட்டியல் வெளியிட்டது. சிஎம்ஆர் உள்ளவற்றுக்கு ரெட் பிளஸ் என்று தனிப்பெயரும் வைத்தது. ஆகவே மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, நிறுவனத்தின் தகவல் தாளில் பார்த்துவிட்டு வாங்குவதுதான் வழி.

எஸ்எஸ்டி வாங்கும்போது முதலில் உங்கள் லேப்டாப்பில் என்ன பொருந்தும் என்று பாருங்கள். இப்போதுள்ள ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றினால் அதே இடத்தில், அதே சாட்டா இணைப்பில், இரண்டரை அங்குல சாட்டா எஸ்எஸ்டி உட்காரும். இது ஏறக்குறைய நிச்சயம். சில லேப்டாப்பில் கூடவே எம்.2 என்ற சின்னச் செருகிடமும் இருக்கும். அதில் சிக்கல் உண்டு: பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் சில இடங்கள் சாட்டா எம்.2-ஐ மட்டும் ஏற்கும், சில என்விஎம்இ என்ற வேகமான வகையை ஏற்கும். ஏழு வருடப் பழைய மாடலில் இரண்டுமே சாத்தியம், கையேட்டைப் பார்க்காமல் வாங்காதீர்கள். என்விஎம்இ நொடிக்கு 3,500 எம்பி, சாட்டா 550 எம்பி என்று போட்டிருப்பதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து சாட்டா எஸ்எஸ்டிக்கு வருவது உடம்புக்கே தெரியும் மாற்றம். அங்கிருந்து என்விஎம்இ-க்குப் போவது கணக்கு எழுதுபவருக்கும் படம் பார்ப்பவருக்கும் அவ்வளவாகத் தெரியாது.

அடுத்து உள்ளே இருக்கும் சில்லு வகை. தகவலை வைக்கும் ஒரு நுண்ணறையில் மூன்று பிட் வைப்பது டிஎல்சி, நான்கு வைப்பது க்யூஎல்சி. விலை குறைந்தவற்றில் க்யூஎல்சி அதிகம். கொஞ்ச நேரம் வேகமாக எழுதும். தற்காலிகமாக வைக்கும் இடம் நிரம்பியதும் சில மாடல்கள் நொடிக்கு 100 எம்பிக்கும் கீழே இறங்கி ஹார்ட் டிஸ்க்கிடமே தோற்றுவிடும். பத்துப் பதினைந்து ஜிபி வீடியோவை ஒரே மூச்சில் மாற்றுபவர்களுக்கு அது எரிச்சலாக இருக்கும். விலை வித்தியாசம் சின்னதாக இருந்தால் டிஎல்சி எடுங்கள். எழுதி எழுதித் தேய்ந்துவிடும் என்ற பயம் உங்கள் உபயோகத்துக்குத் தேவையில்லை. 500 ஜிபி டிஎல்சி எஸ்எஸ்டி பலவற்றுக்கு 300 டிபி வரை எழுதலாம் என்று நிறுவனம் உறுதி கொடுக்கிறது. தினம் 20 ஜிபி எழுதினாலும் அது 15,000 நாள், நாற்பது வருடத்துக்கு மேல். அதற்குள் லேப்டாப்பே இருக்காது. எஸ்எஸ்டி சாவது பெரும்பாலும் வேறு விதத்தில்: உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு ஒருநாள் நின்றுபோகும். சத்தம் வராது, முன்னறிவிப்பு இருக்காது, ஆன் செய்தால் அப்படி ஒரு டிஸ்க் இருப்பதாகவே காட்டாது. அதிலிருந்து தகவலை மீட்பது ஹார்ட் டிஸ்க்கைவிடக் கஷ்டம். வாரன்டி என்றால் புது டிஸ்க் கொடுப்பார்கள். உள்ளே இருந்ததைக் கொடுக்க மாட்டார்கள்.

இன்னொன்று, எஸ்எஸ்டியில் படங்களைப் போட்டு அலமாரியில் வருடக்கணக்கில் பூட்டி வைக்காதீர்கள். மின்சாரம் இல்லாமல் இருந்தால் அதில் தகவலைத் தாங்கி நிற்கும் மின்னூட்டம் மெல்லக் கசியும். நிர்ணயிக்கப்பட்ட அளவு முழுக்க எழுதித் தேய்ந்த எஸ்எஸ்டி, மின்சாரமில்லாமல் 30 டிகிரி வெப்பத்தில் ஒரு வருடம் தகவலைத் தாங்க வேண்டும் என்பதுதான் சில்லுத் தொழிலுக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் விதி. புதியது இதைவிட மிக அதிகம் தாங்கும், உண்மைதான். ஆனாலும் எடுத்து வைப்பதற்கு ஹார்ட் டிஸ்க்கே பொருத்தம், விலையும் குறைவு.

அந்த ஹார்ட் டிஸ்க் உங்களிடம் ஏற்கனவே இருக்கிறது. ஸ்மார்ட் எண்கள் சுத்தமாக இருந்தால், லேப்டாப்பிலிருந்து கழற்றிய 500 ஜிபியைத் தூக்கிப் போடாமல், இரண்டரை அங்குல யூஎஸ்பி பெட்டி ஒன்று வாங்கி அதில் மாட்டுங்கள். ஒரு எஸ்எஸ்டி விலையோடு ஒப்பிட்டால் அந்தப் பெட்டி ஒன்றுமேயில்லை. நிரம்பிக் கிடக்கும் 500 ஜிபியில் திரும்பக் கிடைக்காதவை எவ்வளவு என்று உட்கார்ந்து பிரித்துப் பாருங்கள். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அது அவர்கள் நினைத்ததில் பாதிகூட இருக்காது. மற்றதெல்லாம் இறக்கிய சினிமாப் படங்கள், ஒரே கோப்பின் நாலைந்து நகல்கள், என்றோ நிறுவிய மென்பொருள்கள். திரும்பக் கிடைக்காதவை எஸ்எஸ்டியிலும் இருக்கட்டும், பழைய டிஸ்க்கிலும் இருக்கட்டும். மற்றவை பழைய டிஸ்க்கில் மட்டும் இருந்தால் போதும். வேகம், இடம், நகல் மூன்றும் இந்தப் பணத்திலேயே ஓரளவு நடந்துவிடும். ஏழு வருடப் பழைய டிஸ்க்கை இரண்டாவது நகலுக்கு நம்புவது எனக்கு முழுத் திருப்தி இல்லை. ஆறு மாதம் கழித்துக் கொஞ்சம் பணம் சேரும்போது வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கிவிடுங்கள்.

அப்போது மிகச் சிறிய கொள்ளளவைத் தேடாதீர்கள். ஹார்ட் டிஸ்க்கில் மோட்டார், தலை, உலோகப் பெட்டி, போர்டு எல்லாம் எந்த அளவிலும் இருந்தாக வேண்டும். அதனால் விலை ஒரு மட்டத்துக்குக் கீழே இறங்காது; 500 ஜிபிக்கும் 1 டிபிக்கும் உள்ள வித்தியாசம் மிகச் சின்னதாக இருக்கும். ஒவ்வொரு அளவின் விலையையும் ஜிபியால் வகுத்துப் பாருங்கள், எது லாபம் என்று அதுவே காட்டிவிடும். 1 டிபி வாங்கிவிட்டு விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டினால் ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். நிறுவனம் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது, அவ்வளவுதான்.

எந்தக் கம்பெனி நல்லது என்றும் கேட்டிருந்தீர்கள். ஹார்ட் டிஸ்க் செய்பவர்கள் இன்று உலகத்திலேயே மூன்று பேர்தான்: சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா. பழுது பார்ப்பவரிடம் இதைக் கேட்டால் ஆளுக்கொரு பெயரை அடித்துச் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன், இப்போது சொல்வதில்லை. எங்களிடம் வருவது கெட்டுப்போன டிஸ்க் மட்டும். வீட்டில் ஒழுங்காக ஓடுபவை எங்கள் கண்ணில் படுவதேயில்லை. அதிகம் விற்கும் பெயர்தான் எங்கள் மேஜைக்கும் அதிகம் வரும். இதற்கு ஓரளவு நம்பக்கூடிய கணக்கு, பேக்பிளேஸ் என்ற சேமிப்பு நிறுவனம் 2013 முதல் வெளியிட்டுவரும் பழுது விவரம். லட்சக்கணக்கான டிஸ்க்குகள், வருடத்துக்கு நூற்றில் ஒன்று இரண்டு கெட்டுப்போகின்றன. கம்பெனிக்குக் கம்பெனி உள்ள வித்தியாசத்தைவிட ஒரே கம்பெனியின் மாடலுக்கு மாடல் வித்தியாசம் அதிகம் என்பது அதில் தெரிகிறது. ஆனால் அவை குளிரூட்டிய அறையில் அசையாமல் ஓடும் பெரிய டிஸ்க்குகள். பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு திரியும் லேப்டாப் டிஸ்க்குக்கு அந்தக் கணக்கை அப்படியே பொருத்த முடியாது.

பணம் குறைவு என்பதால் பழையதை வாங்கலாமா என்ற எண்ணம் வரும். இரண்டாவது நகலுக்கென்றால் யோசிக்கலாம், ஒரே நகலுக்குக் கூடவே கூடாது. ஓடிய மணிநேரம் ஸ்மார்டில் 09 வரியில் இருக்கும். வருடம் முழுக்க அணைக்காமல் ஓடினால் 8,760. கேமரா பதிவுப் பெட்டியிலிருந்து கழற்றியவை முப்பது நாற்பதாயிரம் காட்டும். பூஜ்யம் காட்டினால் மட்டும் புதியது என்று நம்பிவிடவும் முடியாது. தரவு மையங்களில் வருடக்கணக்கில் ஓடிய சீகேட் டிஸ்க்குகள் கணக்கு அழிக்கப்பட்டு, புதியவை என்று விற்கப்பட்டது 2025 தொடக்கத்தில் வெளியே வந்தது. அவற்றில் இருந்த ஃபார்ம் என்ற இன்னொரு பதிவில் உண்மையான மணிநேரம் அழியாமல் இருந்ததால்தான் கண்டுபிடித்தார்கள். அப்புறம், நம்ப முடியாத விலைக்கு 16 டிபி என்று கைக்கடக்கமாக ஒரு எஸ்எஸ்டி விற்றால், உள்ளே ஒரு சின்ன மெமரி கார்டும் பொய் சொல்லும் மென்பொருளும்தான் இருக்கும். எதை வாங்கினாலும் முதல் நாளே எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவசக் கருவியால் முழுக்க எழுதிப் படித்துப் பாருங்கள். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் குட்டு வெளிப்பட்டுவிடும்.

செய்யும் வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். ஸ்மார்ட் எண்கள் மோசமாக இருந்தால் டிஸ்க்கைச் சரிசெய்ய செக்டிஸ்க் என்ற விண்டோஸ் கருவியை ஓட்ட வேண்டாம், மணிக்கணக்கில் அதை உருட்டுவதே அதற்குக் கடைசி அடியாகிவிடலாம். முதலில் படங்கள், அப்புறம் கணக்குக் கோப்புகள், நேரமிருந்தால் மற்றவை என்று வெளியே நகலெடுங்கள். டிக் டிக் சத்தம் ஏற்கனவே வந்துவிட்டது என்றால் உடனே அணைத்துவிட்டுத் தகவல் மீட்பவரிடம் கொண்டுபோங்கள், ஒவ்வொரு முறை ஆன் செய்வதும் சேதத்தைக் கூட்டும். எண்கள் சுத்தமாக இருந்தால், பழைய டிஸ்க்கை எஸ்எஸ்டிக்கு அப்படியே நகலெடுக்காமல் விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள். 8 ஜிபி பென்டிரைவ் போதும். லேப்டாப்போடு வந்த விண்டோஸ் 10 அல்லது 11 என்றால் உரிமம் மதர்போர்டைப் பார்த்துத் தானாகச் சேர்ந்துகொள்ளும். பழைய டிஸ்க்கில் தேவையில்லாததை அழிப்பதை மட்டும் ஒரு மாதம் தள்ளிப் போடுங்கள், எதையாவது மறந்திருப்பீர்கள்.

லேப்டாப் மாடல் எண்ணையும் 05, சி5, சி6 வரிகளில் உள்ள எண்களையும் இங்கேயே எழுதுங்கள். எம்.2 இடம் இருக்கிறதா, எந்த வகை என்று பார்த்துச் சொல்கிறேன். சி5 பூஜ்யமாக இல்லையென்றால் என் பதிலுக்குக் காத்திருக்காமல் இன்றே நகலெடுக்க ஆரம்பித்துவிடுங்கள்.